நான்காவது போல்ட்

காலை 11.20. அஸ்லாக்கின் உடல் ஏரிக்கரைச் சரிவின் அடியில் கிடந்தது. தலை பாறையில் மோதியிருந்தது. சற்றுத் தள்ளி அவனுடைய பனிவண்டி, ஸ்னோமொபைல், கவிழ்ந்து கிடக்க, பின்பக்க சஸ்பென்ஷன் பனியில் உருளும் ரப்பர் பெல்ட்டுக்குள் மடங்கிப் பிதுங்கியிருந்தது. அதைத் தாங்கும் நான்கு போல்ட்டுகளில் முன் இடது போல்ட்டைக் காணவில்லை.

அந்த சஸ்பென்ஷனைக் கழற்றி, கிரீஸ் வைத்து, முந்தாநாள்தான் திரும்ப மாட்டியிருந்தான் அவனுடைய தம்பி மாத்தே. ஊருக்கு அது போதும். யாரும் திட்டவில்லை, அவன் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். அஸ்லாக்கின் மனைவி எல்லே அவன் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

நார்வேயின் வடகோடியில் சூரியன் எழாத மாதம் அது. நண்பகலில்கூட ஏரி நீலமாக இருண்டிருந்தது. மூன்றாம் நாள் போலீஸ்காரி ரிஸ்தின் மாத்தேயின் கொட்டகைக்கு வந்தபோது, மீட்டு வந்த வண்டிக்கு முதுகைக் காட்டி அவன் உட்கார்ந்திருந்தான். கொண்டுவந்ததிலிருந்து ஒருமுறைகூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நல்லா முறுக்குனியா?"

"முறுக்கிட்டுத்தான்க்கா கோடு போடுவேன். ஆனா இப்ப யோசிச்சா சந்தேகமா இருக்கு. முறுக்காமலே போட்டுட்டேனோ என்னவோ."

"தூங்குறியா?"

"கண்ண மூடுனா அண்ணன் வண்டி ஏரில ஓடுது. டக்கு டக்குன்னு போல்ட்டு ஆடுற சத்தம் கேக்குது."

போல்ட்டை இறுக்கியதும் அதன் தலையிலிருந்து வண்டியின் உடம்புவரை மஞ்சள் பெயிண்டால் கோடு இழுப்பது மாத்தேயின் வழக்கம். போல்ட் திரும்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். கோட்டின் நுனியில் வண்டிக்காரனின் காதுக்குறியையும் போடுவான். யாருடைய மான் என்று தெரிய அவரவர் பனிமான் குட்டிகளின் காதில் வெட்டுகிற குறி. அஸ்லாக்குடையது ஒற்றை வெட்டு. தினமும் டார்ச் அடித்து, நாலு கோடும் உடையாமல் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் அஸ்லாக் வண்டியைக் கிளப்புவான்.

ரிஸ்தின் குனிந்து டார்ச் அடித்தாள். மூன்று போல்ட்டுகளின் கோடுகள் அப்படியே இருந்தன. காலித் துளையருகே பாதிக் கோடு மட்டும். நுனியில் பெயிண்ட் இரண்டு கீற்றாகப் பிரிந்திருந்தது. அதை வெகுநேரம் பார்த்தாள்.

அன்று பகல் 1.10. மந்தைக் குடிசை. அஸ்லாக் கடைசி இரவு தங்கிய இடம். உடன் தங்கிய யோவ்னா, பக்கத்து மந்தைக்காரர், காப்பியை ஒரு மரக்கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார். கோப்பையின் விளிம்பில் இரண்டு வெட்டுகள்.

"அந்தப் பையன படுத்தாதம்மா. கைத்தப்பு யாருக்கும் வரும்."

"மந்தைக்காரங்க கூட்டத்துல அஸ்லாக் ஏதோ சொல்லப்போறதா இருந்தானாமே?"

"எனக்கெப்படித் தெரியும்? செத்தவன் பேசுற மிஷின் உங்க ஸ்டேஷன்ல இருந்தா கேட்டுக்க."

ரிஸ்தின் கோப்பையைத் திருப்பி, வெட்டுகள் அவரைப் பார்க்க வைத்தாள்.

"உங்க காதுக்குறி ரெண்டு வெட்டு. அஸ்லாக்கோட ஒத்த வெட்டுக்குப் பக்கத்துல இன்னொன்னு போட்டா அவன் மான் உங்க மான். வெளிய பட்டியில பாத்துட்டுத்தான் வரேன். குட்டிங்க காதுல ஒரு வெட்டு ஆறியிருக்கு, பக்கத்துல இன்னொன்னு பச்சைப் புண்ணு. அதைத்தான் அவன் சொல்ல இருந்தான்."

"அதுக்கும் போல்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"போல்ட்டத் தளர்த்துனா கோடு உடையும். காலைல அவன் டார்ச் அடிப்பான்னு உங்களுக்குத் தெரியும். ராத்திரி அவன் தூங்குனப்ப போல்ட்டத் தளர்த்தி, பழசச் சுரண்டிட்டுப் புதுசா இழுத்தீங்க. அவன் கோடு உடையலன்னு மட்டும் பாத்துட்டுக் கிளம்பிட்டான். கோட்டு நுனியில அவனோட ஒத்த வெட்டத்தான் நீங்க போட்டிருக்கணும். இருட்டு, குளிரு, அவசரம். ஆயுசு பூரா ரெண்டு வெட்டு போட்ட கை ரெண்டே போட்டிருச்சு."

யோவ்னா தன் வலது கையை வேறு யாருடையதோ போல் பார்த்தார். பிறகு குளிருக்கான மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு அவளோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்.

ரிஸ்தின் எல்லேயையும் அழைத்துக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பினாள். நடந்ததைச் சொல்லி, மாத்தேயின் கையில் டார்ச்சைக் கொடுத்தாள்.

"திரும்பிப் பாருடா."

அவன் பார்த்தான். அந்த இரண்டு கீற்றையும் விரலால் தடவினான். தான் போட்டதில்லை என்று தெரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். கொஞ்சம் ஓய்ந்த பிறகு சொன்னான்:

"அண்ணி, இன்னமும் அந்தச் சத்தம் கேக்குது."

எல்லே அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கும்தான் கேக்குது. இனிமே சேந்தே கேப்போம். எந்திரி, வந்து சாப்பிடு."