தெற்குப் பையிலிருந்த பதிமூன்று சீட்டு

அழைப்பு மணி அடித்ததும் விக்டர் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். மனைவி மெட்டில்டா துறைமுகச் சுங்கத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, விடை தெரியாத சிக்கலோடு யாராவது வந்து நிற்பது அந்த வீட்டில் வழக்கமாகிவிட்டது. மனைவிக்கு வரும் வழக்குகளில் மனைவியைவிட அவருக்குத்தான் ஆர்வம் அதிகம். வந்தவர் உட்காருவதற்குள் குற்றவாளி யார் என்று முடிவு செய்துவிடுவார், பெரும்பாலும் தப்பாக.

வந்தவர் பெயர் செல்வதுரை. நாகர்கோவிலில் இயற்பியல் ஆசிரியர். கொடுத்த மோரைக் குடிக்காமல் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரிட்ஜ் போட்டிக்கு வந்தோம்க்கா. நானு, பெனிஸ்டன், ஜீவமணி, மூணு பேரு. என் கார்லதான். காலைல கெளம்பி, இங்க பக்கத்துப் புதுக்கோட்டைல டீ குடிச்சு, பாட்டுப் போட்டு, சிரிச்சுப் பேசிக்கிட்டுத்தான் வந்தோம். பெனிஸ்டன் வீட்டுக்காரி ஏஞ்சலின் வழியெல்லாம் பனங்கிழங்கு உரிச்சுக் குடுத்தாங்க. இப்ப என்னயக் கள்ளன்னு சொல்லுதாங்க."

"எதைக் களவாண்டிய?" என்று விக்டர் ஆவலோடு கேட்டார்.

"பொறுங்களேன்," என்றார் மெட்டில்டா.

செல்வதுரை விளக்கினார். பிரிட்ஜ் நால்வர் ஆடும் சீட்டாட்டம். வடக்கும் தெற்கும் ஒரு ஜோடி, கிழக்கும் மேற்கும் ஒரு ஜோடி. போட்டிகளில் சீட்டை அங்கேயே கலைத்துப் போடுவதில்லை. இயந்திரம் கலைத்துப் பங்கிட்ட சீட்டுகள் 'போர்டு' எனப்படும் தட்டையான பெட்டிகளில் இருக்கும். ஒவ்வொரு போர்டிலும் திசைக்கு ஒரு பையாக நான்கு பை, பைக்குப் பதிமூன்று சீட்டு. ஒரே போர்டு மேசை மேசையாகப் போகும். ஆட்டத்துக்கு முன்னால் அதை யாரும் பார்க்கக் கூடாது.

"இயந்திரம் எங்க ஊர் கிளப்பில இருக்கு. அதனால போர்டு எல்லாத்தையும் எங்கிட்டதான் குடுத்துவிட்டாங்க. மத்தியானம் இங்க திரேஸ்புரத்துல பெனிஸ்டன் கொழுந்தியா வீட்டுல சாப்பாடு. கார் சூட்டுல சீட்டு வளைஞ்சிரும்னு பெட்டியை உள்ரூம்ல வச்சேன். எனக்குத் தலைவலி. அந்த ரூம்லயே படுத்துட்டேன்."

"மெர்லின் வீடா? சீலா மீன் குழம்புல அவளை அடிச்சுக்க ஆளு கிடையாது," என்றார் விக்டர். "அங்கன சாயங்காலமானா குடும்பமே சீட்டோட உக்காந்துரும். நானும் போய் ஆடியிருக்கேன்."

சாப்பிட்டுவிட்டு அவர்கள் போய்ச் சேர்ந்த கடற்கரைச் சாலை மண்டபத்தில் போட்டி நடத்துநர் தேவபிரசாதம் ஒரு போர்டைத் திறந்து சரிபார்த்திருக்கிறார். தெற்குப் பையிலிருந்த சீட்டுகள் மட்டும் இனம் இனமாக அடுக்கியிருந்தன. இயந்திரம் அடுக்காது. ஆகவே யாரோ எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

"தெற்குல பெனிஸ்டன், வடக்குல நான். கூட்டாளி கைச்சீட்டு தெரிஞ்சா எனக்குத்தான லாபம்? பெட்டியோட தனியா இருந்ததும் நாந்தான். ஆட்டம் தொடங்குறதுக்குள்ள உண்மை தெரியலன்னா என்னய நிரந்தரமாத் தள்ளி வச்சிருவாங்க. அதுகூடப் போவுதுக்கா. இருவது வருசமா எதுத்தாப்புல உக்காந்து ஆடுனவன், பெனிஸ்டன், 'இப்படிப் பண்ணிட்டியேல'ன்னு எல்லாரு முன்னாலயும் கத்திட்டான்." தம்ளரைத் தள்ளி வைத்தார். "தூக்கத்துல எந்திரிச்சு நானே எடுத்துப் பாத்திருப்பேனோன்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு."

அந்தக் கடைசி வாக்கியம் விக்டரைக் குழப்பிவிட்டது. செல்வதுரைதான் கள்ளன் என்று முடிவு கட்டியிருந்தவர், ஒப்புக்கொள்வதுபோல் பேசுகிற கள்ளனை இதுவரை பார்த்ததில்லை.

தேவபிரசாதம் எடுத்த படம் செல்வதுரையின் செல்பேசியில் இருந்தது. மெட்டில்டா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். இஸ்பேடில் ஜாக்கி, ஒன்பது, ஏஸ், ராஜா, நாலு. ஆர்ட்டினில் பத்து, ராணி, எட்டு. டைமண்டில் ஜாக்கி, ஏஸ், ஆறு. கிளாவரில் ஒன்பது, ராஜா.

"அவசரத்துல அடுக்கியிருக்கான். ஏஸ் நடுவுல கெடக்கு," என்றார் செல்வதுரை.

"தலைவலின்னு படுத்திய. மாத்திரை போட்டியளா?"

"முழிச்சப்போ தலைமாட்டுல இருந்துச்சு. எடுத்துப் போட்டேன். யாரு வச்சாங்கன்னு தெரியல, மெர்லின் பந்தி விட்டு நகரலயாம்."

மெட்டில்டா அலமாரியிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்து, படத்திலிருந்த அதே பதிமூன்று சீட்டுகளைப் பொறுக்கிக் கலைத்து விக்டரிடம் நீட்டினார். "என்னங்க, கையில அடுக்கிக் காட்டுங்க."

எதற்கென்று தெரியாமலே விக்டர் அடுக்கினார். முதலில் ஜாக்கியைத் தேடி எடுத்து இடது ஓரத்தில் வைத்தார். மெட்டில்டா ஒரு பார்வை பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"கிளம்புங்க. போட்டி தொடங்கப்போவுது."

மண்டபத்தில் தேவபிரசாதம், பெனிஸ்டன், ஜீவமணி மூவரும் ஒரு மேசையைச் சுற்றி நின்றார்கள். பெனிஸ்டன் செல்வதுரையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெனிஸ்டனின் மனைவி ஏஞ்சலின் சுவரோர நாற்காலியில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு சந்தேகம்," என்றார் மெட்டில்டா. "ஆடி முடிச்சதும் சீட்டைப் பையில எப்படிப் போடுவிய?"

"கலைச்சுட்டுத்தான் போடணும். அடுத்து எடுக்கிறவனுக்குத் துப்பு கெடைக்கக் கூடாதுல்லா?" என்றார் தேவபிரசாதம். "பழகிப் பழகி, கை தானாவே கலைச்சிரும்."

"அப்போ இவங்க மூணு பேர்ல ஒருத்தர் திருட்டுத்தனமாப் பாத்திருந்தா, அடுக்குனபடியே வச்சுட்டா போவாங்க?"

 தேவபிரசாதம் தான் எடுத்த படத்தை மறுபடி திறந்து பார்த்தார்.

"அப்புறம், கள்ளனுக்கு எதிராளி சீட்டுலதான் முதல்ல கண்ணு போவும். நாலு பையையும் பாத்திருப்பான். இந்த ஆளு பெனிஸ்டன் பையை மட்டும் திறந்திருக்கு. பெனிஸ்டன் கையில என்ன வரும்னு பாக்கணும், அவ்வளவுதான் ஆசை. மூணாவது, அடுக்கு. பிரிட்ஜ்ல ஏஸ்தான் பெரிசு. இங்க ஜாக்கி முதல்ல, அப்புறம் ஒன்பது, ஏஸ், பத்து, ராஜா. ராணிக்கு முன்னால பத்து. இது அவசரம் இல்ல. நம்ம பக்கம் வீட்டுக்கு வீடு ஆடுற முன்னூத்தி நாலு ஆட்டத்தோட வரிசை. அதுல ஜாக்கிதான் பெரிசு. எங்க வீட்டுக்காரவுக கையும் அப்படித்தான் அடுக்குச்சு."

"அப்போ திரேஸ்புரத்து வீட்டு ஆளுங்கதான்! மெர்லின்!" என்று விக்டர் துள்ளினார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதை அவர் இன்னொரு முறை நிரூபித்தார்.

"மெர்லின் பந்தி விட்டு நகரல. அந்த ரூமுக்கு மாத்திரை கொண்டுபோனது யாரு?" மெட்டில்டா செல்வதுரை பக்கம் திரும்பினார். "மூணு பேர் வந்தோம்னு சொன்னிய தம்பி. கார்ல வந்தது நாலு பேரு. நாலாவது ஆளு மெர்லின் கூடப் பொறந்தவ."

ஏஞ்சலின் எழுந்து நின்றாள். மடியிலிருந்த பை கீழே விழுந்தது.

"நாந்தான். அண்ணன் தூங்கிட்டிருந்தாவ. இவுக ஞாயித்துக்கிழமை தவறாம எதுக்கு ஓடுதாவ, அந்த அட்டைக்குள்ள அப்படி என்னதான் இருக்குன்னு ஒரே ஒரு தடவை பாத்தேன். அதே மாதிரிதான் திருப்பி வச்சேன்னு நெனச்சேன். கலைச்சு வைக்கணும்னு யாரு சொன்னா எனக்கு? அண்ணன் மேல பழி வந்ததும் சொல்லிரணும்னுதான் இருந்தேன். இவுக போட்ட சத்தத்துல நாக்கு எழும்பல." அவள் அழுதாள். "மன்னிச்சிருங்கண்ணே."

தேவபிரசாதம் நீண்ட மூச்சு விட்டார். "செல்வதுரை மேல ஒண்ணும் இல்ல. அந்த ஒரு போர்டை எடுத்துருவோம். போய் உக்காருங்க."

பெனிஸ்டன் நண்பனின் தோளில் கைவைத்தார். "மன்னிச்சிருலே. கண்ணு மறைச்சிட்டு." பிறகு மனைவியிடம் திரும்பினார். அவர் குரலில் கோபத்தைவிடக் குழப்பம்தான் இருந்தது. "பாக்கணும்னா எங்கிட்ட கேக்க வேண்டியதுதான, ஏளா?"

"கேட்டேன். கல்யாணமான புதுசுல கேட்டேன். போன கிறிஸ்மசுக்குக் கேட்டேன். இன்னைக்குக் கார்லயும் கேட்டேன், எனக்கும் சொல்லித் தாங்களேன்னு."

"இன்னைக்கா?" பெனிஸ்டனுக்கு உண்மையிலேயே நினைவில்லை. உதவிக்கு ஆள் தேடுவதுபோலச் செல்வதுரையைப் பார்த்தார். "கேட்டாளால?"

செல்வதுரை பொய் சொல்லியிருக்கலாம். சற்று முன்வரை பொய்ப்பழி சுமந்த மனிதருக்கு அது வரவில்லை.

"கேட்டாங்க. நீ காதுல வாங்கல," என்றார். "எனக்குக் கேட்டுச்சு. கேக்காத மாதிரி நாந்தான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வச்சேன்."