பதினேழாம் நம்பர் பாஸ்

ஃபோன் அலறியது.

எடுக்க ஆளில்லை.

திருப்பூர் அருள்புரத்தில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியின் வாசலில், வாட்ச்மேன் அய்யாசாமியின் மேஜைக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி. வேலைக்கு வரும் அத்தனை பேரின் செல்ஃபோனும் காலை எட்டரைக்கு அதற்குள் போய்விடும். மதியச் சாப்பாட்டு மணி அடித்தால்தான் வெளியே வரும். கம்பெனி சட்டம்.

பெட்டிக்குள் கிடந்த நாற்பது ஃபோன்களில் ஒன்று மட்டும் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

பத்தொன்பது முறை!

ஒரு மணிக்கு நாகஜோதி அதை எடுத்துப் பார்த்தாள். பத்தொன்பதும் அவள் தம்பி மாரிச்செல்வத்தின் அழைப்புகள். எட்டு நாற்பதுக்கு ஆரம்பித்து ஒன்பது பத்துக்கு நின்றிருந்தன.

திருப்பி அழைத்தாள். வேறு யாரோ எடுத்தார்கள்.

"நீங்க அவருக்கு யாரும்மா?"

"அக்கா. அவன்கிட்ட குடுங்க."

கடல் இரையும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒன்பதரைக்கு மேலருந்து விழுந்துட்டாரும்மா... பெல்ட் அறுந்துருச்சு."

* * *

நாலு நாள்.

தம்பியை மண்ணுக்குள் வைத்துவிட்டு நாகஜோதி பஸ் ஏறினாள். தாராபுரம் தாண்டியதும் ஜன்னலில் காற்றாலைகள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. அவள் கண்ணை மூடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிக் காற்றாலை வரைக்கும் பார்த்தாள்.

இதெல்லாம் பொம்மை. மாரிச்செல்வம் நட்டுக்கொண்டிருந்தவை தென்கடலில், கரையிலிருந்து இருபது கிலோமீட்டர் உள்ளே. மொத்தம் நூற்று இருபது. கடல் அடியில் இரும்புத் தூணை அறைந்து, அதன்மேல் தூண், அதற்கும் மேல் தூண். ஒவ்வொரு இணைப்பிலும் ஆள் தொங்கி போல்ட் இறுக்க வேண்டும். மாரிச்செல்வம் அப்படித் தொங்குகிறவன்.

அவனைப் பிடித்துக்கொள்ள வேண்டிய சேஃப்டி பெல்ட்டுகள், கடலே இல்லாத இந்த ஊரில், அவன் அக்கா வேலை பார்க்கும் இதே கம்பெனியில்தான் தயாராயின. ஒவ்வொரு பெல்ட்டையும் இழுத்துப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டும் ஒரே செக்கர் அவள்தான்.

அவள் நம்பர் பதினேழு.

கேட்டுக்குள் நுழைந்தபோது லாரி நின்றிருந்தது. அட்டைப் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன.

"அம்மணி..." அய்யாசாமி தயங்கினார். "போனை... பெட்டீல..."

"போட மாட்டேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

* * *

முதலாளி திருமூர்த்தியின் அறையில் நாற்காலி எல்லாம் நிறைந்திருந்தது. திருமூர்த்தி. புரொடக்‌ஷன் மேனேஜர் பாண்டித்துரை. கடலோர ஸ்டேஷனிலிருந்து வந்திருந்த இன்ஸ்பெக்டர் சித்ராதேவி. மேஜைமேல் பிளாஸ்டிக் உறைக்குள் அறுந்த மஞ்சள் பெல்ட்.

"வா கண்ணு," என்றார் திருமூர்த்தி. குரலில் வெல்லம். "துக்கத்துல இருக்கற புள்ளைய நிக்க வெச்சுப் பேசறது எனக்கே சங்கடமாத்தான் இருக்குது. ஆனா பாரு... இது ஆரு நம்பருங்க?"

பெல்ட்டின் முதுகுப் பட்டையில் வெள்ளை ஸ்டிக்கர். 17. பாஸ்.

நாகஜோதி குனிந்து எண்ணை மறுபடி படித்தாள்.

"உன்ற நம்பருதான? நீ பாஸ் பண்ணின பெல்ட்டு. நீ ஒழுங்காப் பாத்திருந்தீன்னா உன்ற தம்பி இன்னைக்கு உசுரோட இருப்பானுங்க. என்ற கம்பெனி மேல பழி வந்துருச்சு பாரு!"

"மொதலாளி, விடுங்க!" பாண்டித்துரை எழுந்தான். அவளுடைய ஊர்ப்பக்கத்துக்காரன். வேம்பாரிலிருந்து அக்காவையும் தம்பியையும் திருப்பூருக்குக் கூட்டி வந்து வேலை வாங்கிக் கொடுத்தவன்; தம்பி பிறகுதான் கடல் வேலைக்குப் போனான். அவள் சொந்த அண்ணனாகவே நினைத்த ஒரே ஆள். "மேடம், இவ வேணும்னு செய்யல. ஒரு நாளைக்கு நானூறு பெல்ட்டு பாக்கா. கண்ணு அசந்திருக்கும். ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துருவா... கவனிக்காம விட்டுட்டேன்னு. அதோட முடிச்சு விட்டுருங்க. தம்பியும் போய், இவளும் ஜெயிலுக்குப் போனா அந்தத் தாயி என்ன செய்வா?"

எழுதிய காகிதம் தயாராக இருந்தது. பேனாவின் மூடியைக்கூட அவனே கழற்றி வைத்திருந்தான்.

சித்ராதேவி டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

நாகஜோதி பேனாவை எடுத்தாள்.

நான்தான் கொன்றேனா?

அந்த ஸ்டிக்கரையே பார்த்தாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மேலே மின்விசிறி கடகடத்தது. அவள் பார்வை ஸ்டிக்கரை விட்டு நகர்ந்து, தையலுக்குப் போய், தையல் முடிகிற இடத்தில் நின்றது.

பேனாவைக் கீழே வைத்தாள்.

"மேடம். இதைத் தொட்டுப் பாக்கலாமா?"

"கை உறை போட்டுக்கிட்டுப் பாரு."

பார்த்தாள். தையல் முனையை விரலால் தடவினாள்.

"பிசிறு இல்ல," என்றாள்.

"என்ன இல்ல?"

"நூல் முனை, மேடம். பனியன்னா துணியோட ஒட்டி வெட்டுவோம். ஒரு பிசிறு தெரிஞ்சாலும் ரிஜெக்ட்டு. ஆனா கடல் பெல்ட்டுல வெட்டவே கூடாது! அரிசி நீளம் விட்டு, சூட்டுக் கத்தியால தொட்டா நூல் உருகி மணியா நிக்கும். அப்பத்தான் தையல் பிரியாது. மணி இல்லாத பெல்ட்டு ஒண்ணுகூட என் கை தாண்டினதில்ல." குரல் உயர்ந்தது. "இது பனியன் தைக்கிறவன் தைச்சது. பழக்க தோசத்துல சுத்தமா வெட்டியிருக்கான்!"

"ஏனுங்க... அவ என்னமோ பேசறா..." திருமூர்த்தி கைக்குட்டையைத் தேடினார்.

"அய்யாசாமியண்ணே!" நாகஜோதி ஜன்னல் வழியாகக் கத்தினாள். "தீப்பெட்டி குடுங்க!"

பாண்டித்துரை சிரித்தான். "ஏ புள்ள, சாட்சியப் போயி கொளுத்துவியாக்கும்?"

"ஒரு இழை போதும்ணே. திருப்பூர்ல பத்து வருசம் இருந்துட்டு இது தெரியாதா ஒங்களுக்கு?"

சித்ராதேவி தலையசைத்தாள். அறுந்த தையலில் இருந்து ஓர் இழை. தீக்குச்சி.

குப்பென்று பற்றியது. காகிதம் எரிகிற வாசனை. ஊதினாள். சாம்பல் பறந்தது.

தன் பையிலிருந்து பெல்ட் தைக்கும் நூல்கண்டை எடுத்தாள். அதிலும் ஓர் இழை. தீ பட்டதும் சுருண்டு, உருகி, கறுப்பு மணியாக நின்றது.

"இது பாலியஸ்டர். இதுதான் பெல்ட்டுக்கு. அது காட்டன், மேடம்! தைச்சு முடிச்சு அப்புறமா சாயத்துல முக்குவாங்களே ஒரு பனியன், அதுக்கு வாங்கின நூலு. காஞ்சு கிடக்கையில நல்லாத் தாங்கும். எந்த டெஸ்ட்டுலயும் பாஸாவும். உப்புத் தண்ணி ரெண்டு மாசம் பட்டா..."

முடிக்க முடியவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

"பழைய லாட்ல ஒண்ணு ரெண்டு கலந்திருக்குமுங்க," திருமூர்த்தி அவசரமாகச் சொன்னார். "இப்பப் போற லோடு அத்தனையும் பத்தரை மாத்துங்க. லாரிய மட்டும் அனுப்பிருங்க, ஏனுங்க மேடம். அக்கட்ட கடல்ல கப்பல் காத்துட்டு நிக்குது. அறுநூறு பேரு பெல்ட்டு இல்லாம உக்காந்திருக்காங்க..."

அறுநூறு பேர்!

நாகஜோதி ஓடினாள்.

* * *

லாரிமேல் ஏறி முதல் பெட்டியை நூல் வெட்டும் டிரிம்மர் கத்தரியால் கிழித்தாள். பெல்ட். பிசிறு இல்லை. தீக்குச்சி. சாம்பல்.

இரண்டாவது பெட்டி. சாம்பல்.

ஐந்தாவது பெட்டி. சாம்பல்!

தையல் லைனிலிருந்து எல்லோரும் வெளியே வந்து நின்றுவிட்டார்கள். யாரும் அவர்களை உள்ளே விரட்டவில்லை.

ஆறாவது பெட்டியின் மூடியைப் புரட்டியவள் அப்படியே நின்றாள். பேக்கிங் தேதி, செவ்வாய்க்கிழமை. பக்கத்தில் செக்கர் நம்பர். பதினேழு. பாஸ்.

"செவ்வாக்கிழமை..." அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "செவ்வாக்கிழமை நான் என் தம்பி மேல மண்ணு அள்ளிப் போட்டுட்டு நின்னேன். அன்னிக்கு இங்க யாருடா என் நம்பர்ல பாஸ் போட்டது?"

திருமூர்த்தியின் சட்டை நனைந்திருந்தது. "எனக்குத் தெரியாதுங்க! ஜாப் ஒர்க்குக்கு வெளியில குடுத்தது தெரியுமுங்க. சோமனூர்ப் பக்கம் ஒரு பனியன் யூனிட்டு. பெல்ட்டு நூலு வர லேட்டாகுமுன்னு பாண்டித்துரை சொன்னாப்டி. ஷிப்மென்ட் தேதிய மாத்த முடியாது, என்னமோ பண்ணுங்கன்னு சொன்னேன். அவ்வளவுதானுங்க!"

"என்னமோ பண்ணுங்க..." சித்ராதேவி அந்த வார்த்தைகளை ருசி பார்த்தாள். "நல்ல வார்த்தை. இன்னும் எத்தனை பேர் சாகணும்னு அதுல சொல்லலையே!"

"மொதலாளி சொன்னதைத்தான் செஞ்சேன், மேடம்," பாண்டித்துரை கையை விரித்தான். "ஸ்டிக்கரு ரோல் அவரு ரூம்லதான் கெடக்கு. யாரு ஒட்டுனாவளோ! பாருங்க... ஒரு பச்சப் புள்ள மேல பழியப் போட்டுட்டாரு! ஜோதி, நீ அழாத. அண்ணன் இருக்கேன்."

அவள் அழவில்லை. அவனை நன்றியோடு பார்த்தாள். இந்தக் கம்பெனியில் தனக்காகப் பேச இந்த ஒருவராவது...

"பாண்டித்துரை," என்றாள் சித்ராதேவி. "செத்துப்போன பையன் கடைசியா எப்ப உங்ககிட்ட பேசினான்?"

"அவனா? பேசி ரெண்டு மாசம் இருக்கும், மேடம். பொங்கலுக்கு வந்தப்ப."

"ஞாபகம் நல்லா இருக்கா?"

"அவன் எனக்குத் தம்பி மாதிரி, மேடம்! மறப்பனா?"

சித்ராதேவி பைக்குள் கையை விட்டு ஒரு பழைய செல்ஃபோனை எடுத்தாள். நாகஜோதிக்கு அதன் உடைந்த மூலையைத் தெரியும்.

"மேல ஏறுறவங்க ஃபோனை படகுலயே வச்சுட்டுத்தான் ஏறணும். அதனால இது தப்பிச்சுது. எல்லா காலும் தானா ரெக்கார்ட் ஆகுற மாதிரி பையன் வச்சிருந்திருக்கான். அக்காவுக்குப் பத்தொன்பது தடவை அடிச்சிருக்கான். அக்கா ஃபோன் தகரப் பெட்டில! அப்புறம், ஒன்பது பன்னிரண்டுக்கு... ஃபோன் வச்சுக்க அனுமதி இருக்குற ஒரு ஆளுக்கு அடிச்சிருக்கான்."

விரலால் தட்டினாள்.

காற்று. கடல். பிறகு மாரிச்செல்வம்.

*"அண்ணே, பெல்ட்டுல ஒரு இழை பிரிஞ்சு நிக்கு. தீக்குச்சி வச்சுப் பாத்தேன். சாம்பலாவுது. காட்டன்ணே இது! ஏற மாட்டேன்னா சூப்பர்வைசர் ஏசுதான்..."*

*"ஏலே, ஒனக்கு என்ன கிறுக்கா? அதுல செக்கிங் நம்பர் என்ன போட்டிருக்கு?"*

*"பதினேழு."*

*"பதினேழு யாரு?"*

*"...அக்கா."*

*"பொறவென்ன? ஒங்கக்கா பாக்காமலா அனுப்பியிருப்பா? அவ மேலயே ஒனக்கு நம்பிக்கை இல்லியா?"*

அலை ஒன்று படகில் மோதியது.

*"சரிண்ணே. அக்கா பாத்திருந்தா சரிதான். ஏறுதேன்."*

முடிந்தது.

லாரி டிரைவர் இன்ஜினை நிறுத்தினான்.

பாண்டித்துரை தரையைப் பார்த்தான். "ஏறாம நின்னுட்டா மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிருவான்வ, மேடம். கம்பெனியே... அன்னிக்கு ஒரு நாள் தாங்கிரும்னுதான்..."

"ஸ்டிக்கர்?"

"பதினேழுன்னா பெல்ட்டு வாங்குற பையர் ஆளுக பெட்டியைப் பிரிக்கவே மாட்டாங்க, மேடம். அம்புட்டு நம்பிக்கை அவ மேல."

நாகஜோதி லாரியிலிருந்து இறங்கினாள். அடிப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவனும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் பையில் கைவிட்டு ஒரு சுருளை எடுத்தாள். பழுது இருக்கிற இடத்தைக் காட்ட செக்கர்கள் ஒட்டும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். ஒன்றை உரித்தாள். பாண்டித்துரையின் சட்டையில், இதயத்துக்கு நேராக, அம்பு உள்ளே பார்க்கும்படி வைத்து, கட்டை விரலால் அழுத்தி ஒட்டினாள்.

"இதுதான் நான் ஒட்டினது," என்றாள். "நல்லாப் பாத்துக்கங்க எல்லாரும்."

டிரைவர் தயங்கித் தயங்கிக் கேட்டான். "லோடை... எறக்கணுமாங்க?"

"எல்லாத்தையும்."

அய்யாசாமி அதற்குள் மேஜைக்கடியில் குனிந்திருந்தார். தகரப் பெட்டியை இழுத்து நடு வாசலில் கவிழ்த்தார். நாற்பது ஃபோன்கள் சிதறின. "எடுத்துக்குங்க சாமி," என்றார்.

"நான் என்ற கார்லயே பின்னால வந்தர்றேனுங்க," என்றார் திருமூர்த்தி.

"எதுக்குங்க சிரமம்? என்னமோ பண்ணி இதுலயே உக்காருங்க," என்றாள் சித்ராதேவி.

போலீஸ் ஜீப்பின் பின் சீட்டில் இருவரும் ஏறினார்கள். சித்ராதேவி குனிந்து, பாண்டித்துரையின் தோளுக்குக் குறுக்கே சீட் பெல்ட்டை இழுத்தாள். சிவப்பு அம்புக்குறிமேல் அது படிந்தது. அவன் உடம்பு சட்டென்று பின்வாங்கியது.

"பயப்படாதீங்க சார்!" என்றாள், பெல்ட்டை க்ளிக்கென்று மாட்டியபடி. "இது உங்க கம்பெனி தையல் இல்ல."