குலுங்காமல் ஓட்டுகிறவன்

“ஏங்க... நீங்க தனியாவா வந்தீங்க?”

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். முன்பின் தெரியாத ஆண்பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது?

ஆனால் வேறு வழியில்லை. அந்த விளையாட்டுக் கூடத்தில் இன்று பழைய வீடியோ கேம்களுக்கான நாள். கார் ரேஸ் போட்டிக்கு ஜோடியாகத்தான் சேர வேண்டும். இருவர் எடுக்கும் நேரத்தையும் கூட்டித்தான் பரிசு. கூட வருவதாகச் சொன்ன தோழியோ கடைசி நேரத்தில் கழற்றிவிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பவும் மனமில்லை. மாலைக்குள் அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். அக்கவுண்டன்ட் மாப்பிள்ளை... ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிற மாப்பிள்ளை. சரியா, வேண்டாமா? வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை. காலையிலிருந்து உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எங்காவது நடக்கத் தோன்றுகிறது.

“தனியாத்தான்...” என்றான் அந்த நெட்டையன். “ஏன், ஆள் சேக்கறீங்களா?”

“ஆமா, கட்சி ஆரம்பிக்கப் போறேன். கார் ஓட்டத் தெரியுமா?”

“ஏதோ... ஓட்டுவேன்.”

“அது போதும். வாங்க!”

அவன் சிரித்தான். அவளுக்குக் கண் மருத்துவமனையில் பவர் பார்க்கிற வேலை. நாள் முழுக்க அடுத்தவர் கண்களுக்குள் பார்க்கிறவள். எந்தக் கண்ணும் அவளை ஒன்றும் செய்ததில்லை. இந்தக் கண்கள் மட்டும்... தூக்கம் போதாமல் சிவந்திருந்தும் எப்படிச் சிரிக்கின்றன! சே, என்ன நினைப்பு இது, என்று தலையை உதறிக்கொண்டு சீட்டில் ஏறினாள்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட்டுகள், ரெக்சின் கிழிந்து டேப் ஒட்டியவை. எதிரே தொப்பை வைத்த பழைய டிவிகள். பச்சை விளக்கு விழுந்ததும் அவள் கார் பறந்தது. மரத்தில் மோதியது, தடுப்பில் உரசியது, எதற்கும் அவள் கவலைப்படவில்லை. முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால்... அவன் இன்னும் பாலத்தையே தாண்டவில்லை! வளைவு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைக்கிறான். மேடு வந்தால் பூப்போல ஏற்றி இறக்குகிறான்.

“மிதிங்க! மாட்டு வண்டியெல்லாம் முந்திட்டுப் போகுது!”

நேரம் முடிந்தது. கடைசி இடம். சுற்றி நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

“ஏதோ ஓட்டுவேன்னீங்களே... இதுதானா அது? மானமே போச்சு!”

“சாரிங்க...” அவன் உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். “நான் ஆம்புலன்ஸ் டிரைவர். எலும்பு முறிஞ்சவங்கள ஏத்தினா இப்படித்தான் ஓட்டணும், குலுங்கவே கூடாது. நேத்து முழுக்க அதே வேலை. ஸ்டியரிங்கத் தொட்டதும் பின்னாடி யாரோ படுத்திருக்காங்கன்னே தோணிடுச்சு.”

அவளுக்குத் திட்ட வந்த வார்த்தையெல்லாம் மறந்துபோயிற்று. பொம்மைக் காரில்கூட யாருக்கும் வலிக்கக் கூடாது என்று ஓட்டுகிற ஆளை என்ன செய்வது?

அதன்பின் விண்கலம் சுட்டார்கள், விழும் கட்டைகளை அடுக்கினார்கள், ஒருவரை ஒருவர் ஏமாற்றினார்கள். அவளுக்கு நேரம் போனதே தெரியவில்லை. அப்போதுதான் போன் அடித்தது. அம்மா.

“பாப்பா, என்னடி முடிவு பண்ணினே? அவங்க கேட்டுட்டே இருக்காங்க. உங்கப்பா மாதிரி வண்டியோட்டியையா பாத்திருக்கோம், இவ்வளவு யோசிக்கிறே?”

அப்பா லாரி ஓட்டியவர். மாதத்தில் பாதி நாள் வழியில்தான் இருப்பார். இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார், அம்மாவின் கோபம்தான் இன்னும் ஓய்வு பெறவில்லை.

“ஐயோ, டிரைவரைப் போய் யாராவது கட்டிப்பாங்களாம்மா!” என்றாள். அவர்கள் வீட்டில் வருடக்கணக்காகப் புழங்கும் பேச்சு. பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. “அப்புறம் கூப்பிடறேன்” என்று வைத்துவிட்டுத் திரும்பினாள்.

நெட்டையன் எழுந்து நின்றிருந்தான்.

“மிச்ச டோக்கன்லயும் நீங்களே விளையாடிடுங்க” என்று அவற்றை அவள் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

போனால் போகட்டும்... யாரோ எவனோ. பின்னால் ஓடினால் என்ன நினைப்பான்? அவள் ஒரு டோக்கனைப் போட்டாள். கட்டைகள் கோணல்மாணலாக விழுந்து நிரம்பின. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். பிறகு ஓடினாள்.

வெளியே சரியான மழை. வாசல் கூரைக்கடியில், பாதித் தோள் நனைய அவன் நின்றிருந்தான்.

“உங்கள நெனச்சுச் சொல்லலைங்க...”

“டிரைவர்னுதானே சொன்னீங்க? நான் டிரைவர்தான்.”

“எங்கப்பாவும் டிரைவர்தான்! அவருக்காகக் காத்துக் காத்தே அம்மா நொந்துட்டாங்க. அதான் வீட்ல அப்படியொரு பேச்சு.”

“அவங்க சொல்றது நியாயம்தான். டூட்டிக்குப் போனா எப்பத் திரும்புவேன்னு எனக்கே தெரியாது.”

“தெரிய வேண்டாம்!” என்றாள் அவள். “லாரிச் சத்தம் கேட்டா அம்மா திட்டிக்கிட்டேதான் ஓடிப்போய்க் கதவத் திறப்பாங்க. ஆனா அப்ப அவங்க மூஞ்சி எப்படி இருக்கும் தெரியுமா? அக்கவுண்டன்ட் போட்டோவப் பாத்தப்ப எனக்கு ஒண்ணுமே ஆகல. நீங்க எழுந்து போனீங்க பாருங்க... அப்ப ஆச்சு.”

அவள் அங்கேயே போனை எடுத்தாள்.

“அம்மா, அந்த இடம் வேண்டாம்னு சொல்லிடு. எனக்கு ஒருத்தரப் பிடிச்சிருக்கு... டிரைவர்தான்.”

மறுமுனையில் அம்மா அப்பாவிடம் பொரிவது கேட்டது. “கேட்டீங்களா? உங்க பொண்ணு உங்கள மாதிரியே ஒண்ணப் பிடிச்சிருக்கா!” அடுத்து போனில், “போன்ல எவ்வளவுதான்டி கத்தறது? நேர்ல கூட்டிட்டு வா.”

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். “எங்கம்மா நல்லாக் கத்துவாங்க. வருவீங்களா?”

“ரோட்ல எத்தனை பேர் திட்டறாங்க... எதையும் காதுலயே போட்டுக்க மாட்டேன்” என்றான் அவன் மெதுவாக. “நீங்க சொன்னது மட்டும் ஏன் இப்படிச் சுட்டுச்சுன்னு இவ்வளவு நேரமா இங்க நின்னு யோசிச்சிட்டிருந்தேன். உங்களப் பிடிச்சிருக்குங்க... அதான்.”