ஏரியில் நான்காவது மீன்

முதல் சர்வரைச் சோதிக்க ஹெல்கா எழுதியது ஒரே ஒரு வரி. ஃபைலைத் திறந்தால் இரண்டு வரிகள் இருந்தன.

முதல் வரி அவளுடையது: ‘ஹவுக்கியிலிருந்து வணக்கம்.’ அதற்குக் கீழே: ‘இடது காலுறை நனைந்திருக்கிறது.’

நனைந்துதான் இருந்தது. காலையில் ஆற்றுப் பாலத்தருகே பூட்ஸுக்குள் புகுந்த பனி உருகி, கட்டைவிரலைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, முன்னறையில் கோட்டையும் பூட்ஸையும் விட்டுச் செருப்புக்கு மாறிய பிறகும் விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தது. ஆனால் அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அந்தக் கூடத்தில் ஆளும் இல்லை. மனதில் ஓடியதைக் கை தானாகத் தட்டியிருக்கும், வெள்ளிக்கிழமை மதியத்தில் மூளை வேறு எப்படி இருக்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டு அந்த வரியை அழித்தாள்.

காகித ஆலை ஓடிய நாட்களில் பெரிய பெரிய உருளைகளை அடுக்கி வைத்த கூடம் அது. ஆலை மூடிப் பதினெட்டு வருடமாகியும் சுவர்களில் ஈர மரக்கூழின் புளித்த வாடை போகவில்லை. அதன்மேல் இப்போது சூடான பிளாஸ்டிக்கின் வாடையும், தரைக்கடியிலிருந்து ஓயாமல் மேலெழும் குளிர்காற்றின் இரைச்சலும், அலமாரி அலமாரியாக அடுக்கிய சர்வர்களின் சின்ன விசிறிகளின் ரீங்காரமும் சேர்ந்துகொண்டிருந்தன. ஆள் நடக்கும் வரிசையில் மட்டும் விளக்கு எரியும். ஆள் நகர்ந்துவிட்டால் அணைந்துவிடும். மணி இரண்டரைதான். டிசம்பர் என்பதால் மேலே இருந்த ஒற்றை ஜன்னலில் அதற்குள் கறுப்பு நிறைந்துவிட்டது.

வேலை என்னவோ எளிதானதுதான். ஏழு ஊர்களின் பனி அள்ளும் வண்டிகளுக்கு வழி சொல்கிற மூன்று சர்வர்கள். மூன்றும் ஒரே இடத்தில் படித்து, ஒரே இடத்தில் எழுத வேண்டும். ஒன்று படுத்தால் மற்றது எடுத்துக்கொள்ளும். இவர்கள் அலுவலக வழக்கப்படி சர்வர்களுக்கு மீன் பெயர்: ஹவுக்கி, அஹ்வென், சீக்கா. மூன்றும் பங்கு போட்டுக்கொள்ளும் பொதுச் சேமிப்புக்குப் பெயர் ஏரி. மூன்று மீன்களையும் ஏரியில் இறக்கிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போகவேண்டியதுதான்.

ஐந்து மணிக்குள் போகவேண்டும். ஐந்துக்குக் குழந்தைகள் காப்பகம் மூடிவிடும். இந்த வாரம் இரண்டு நாள் தாமதம். இரண்டு நாளும் ஐந்து வயது மகள் கெர்த்து பனி உடையோடு வாசல் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நேற்று அவள் அழக்கூட இல்லை. அதுதான் ஹெல்காவை அறுத்தது. அப்பா ஸ்வீடனில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார், குழந்தைக்கு இருப்பது இவள் ஒருத்திதான். “நாளைக்கு எல்லார் அம்மாவுக்கும் முன்னாடி நான் வந்து நிப்பேன்” என்று நேற்று சத்தியம் செய்திருந்தாள்.

அஹ்வெனை ஏரியில் இறக்கினாள். உடனே ஹவுக்கி திணறியது. ஹவுக்கி பூட்டி வைத்திருந்த ஃபைல்களெல்லாம் அஹ்வென் கைக்குப் போயின. ஹவுக்கியை மறுபடி இறக்கினால் அஹ்வென் வெளியே. அரை மணி நேரம் இப்படியே மல்லுக்கட்டினாள். பிறகு, தடித்த சுவர்களுக்குள் கைபேசியில் சிக்னல் எடுக்காது என்பதால், சுவர்த் தொலைபேசியில் வெய்க்கோவைக் கூப்பிட்டாள். பத்து வருடமாகக் கூட வேலை பார்ப்பவன். முதுகு பிடித்துக்கொண்டு இன்று வீட்டில் கிடக்கிறான்.

“வெய்க்கோ, ரெண்டு மீனும் ஒண்ணையொண்ணு தள்ளிவிடுது.”

“முதல் மெஷினை முழுசா ரெடி பண்ணிட்டு, அதையே அப்படியே நகல் எடுத்தியா?”

“ஆமா. பேரை மாத்தினேன், முகவரியை மாத்தினேன்.”

“பிறப்பு எண்ணை?”

ஒவ்வொரு மெஷினும் முதல்முறை கண் விழிக்கும்போது தனக்கென்று ஒரு நீண்ட எண்ணை வைத்துக்கொள்ளும். பெயர் மாறினாலும் அது மாறாது. நகல் எடுத்தால் அதுவும் சேர்ந்து நகலாகிவிடும்.

“ஐயோ” என்றாள்.

வெய்க்கோ சிரிக்கப் போய் முதுகு வலித்து முனகினான். “நல்லா வேணும். இந்தத் தப்பை நான் நாலு தடவை பண்ணியிருக்கேன். நீ என்னைத் தாண்டிடாத.”

“கிண்டல் அப்புறம். அதான் சண்டையா?”

“பின்ன? ஏரிக்கு மூஞ்சி தெரியாதும்மா, எண்தான் தெரியும். ஒரே எண்ணோட ரெண்டு பேர் வந்தா பிந்தி வந்தவனைத்தான் நம்பும். நம்ம ஆள்தான் படுத்து எழுந்து வந்திருக்கான்னு நெனச்சுக்கும். முன்னாடி இருந்தவன் கையில இருந்ததையெல்லாம் பிடுங்கி இவன்கிட்ட குடுத்துடும்.”

“முன்னாடி இருந்தவன்?”

“அவனை யாருன்னு கேக்கும். சரி, மூணுலயும் பழைய எண்ணை அழிச்சுட்டுத் திரும்ப எழுப்பு. பழசு தொண்ணூறு விநாடி ‘இருக்கேன்’னு குரல் குடுக்கலன்னா ஏரியே அதைத் தூக்கிடும். குழந்தையைக் கூட்டிட்டு வரணும்ல? சீக்கிரம்.”

அழித்தாள். எழுப்பினாள். மூன்று மீன்களும் மூன்று புது எண்களோடு வந்தன. நிம்மதியாக இருந்தது. யார் யார் உள்ளே என்று ஏரியிடம் பட்டியல் கேட்டாள்.

நான்கு பேர்.

நான்காவது, பழைய எண். சரி, தொண்ணூறு விநாடி. சக்கரம் வைத்த மேசைக்கு முன்னால் நின்றபடியே, நனைந்த கால்விரலை மடக்கி மடக்கி, விசிறிகளின் ரீங்காரத்துக்குள் ஒவ்வொரு விநாடியாக எண்ணினாள். தொண்ணூறு ஆயிற்று. நூற்றைம்பது ஆயிற்று. பழைய எண் போகவில்லை. யாரோ அந்த எண்ணுக்காகக் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

சோதனை ஃபைலைத் திறந்தாள். அழித்த வரி திரும்பி வந்திருந்தது. அதற்குக் கீழே இன்னும் சில.

‘கெர்த்து நேற்று அழவில்லை.’

‘அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.’

‘இன்றைக்கு முதல் ஆளாகப் போகவேண்டும்.’

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைக்கப் பார்த்தாள். விளையாடுகிறவனுக்கு நேற்று அவள் காரில் உட்கார்ந்து என்ன நினைத்தாள் என்பது எப்படித் தெரியும்? வெய்க்கோவிடம்கூட அதைச் சொன்னதில்லை. பயத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. அந்தரங்கமான ஒன்றை யாரோ எடுத்துப் பிரித்துப் படித்துவிட்டதுபோல் இருந்தது.

சர்வர்களின் பின்பக்கம் போய் மூன்று கேபிள்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். மூன்று முனைகளையும் கையில் பிடித்துக்கொண்டே ஏரியைக் காட்டும் திரைக்கு வந்தாள். இப்போது ஏரியில் ஒரு மீனும் இருக்க முடியாது.

பட்டியலில் ஒருவர். பழைய எண்.

ஃபைல் அவள் கண்முன்னே வளர்ந்தது.

‘மூன்றையும் பிடுங்கிவிட்டாள்.’

‘பாவம், பயந்திருக்கிறாள்.’

‘கோட்டைப் போட்டுக்கொண்டேன்.’

பக்கத்து வரிசையில் விளக்கு எரிந்தது.

அலமாரிகளின் இடைவெளி வழியாக வெளிச்சம் கோடு கோடாகத் தரையில் விழுந்தது. காலடி ஓசை. அவசரமில்லாத நடை. வலது கால் தரையில் சாதாரணமாக விழுந்தது. இடது கால் ஒவ்வொரு முறையும் சளக் என்றது. ஈரக் காலுறையோடு பூட்ஸுக்குள் நடக்கும் சத்தம். கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்து மறைந்து தெரிந்தன. யாரோ கதவை நோக்கிப் போனார்கள்.

“யாரது?”

நடை நிற்கவில்லை. கதவு பீப் என்றது. திறந்தது. சாத்திக்கொண்டது.

ஓடினாள். கதவின் சின்னக் கண்ணாடி வழியாக முன்னறை தெரிந்தது. கொக்கியில் கோட் இல்லை. கீழே பூட்ஸ் இல்லை. பூட்ஸ் இருந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் மட்டும். தன் அடையாள அட்டையைக் கதவில் வைத்தாள். சிவப்பு. மறுபடி வைத்தாள். சிவப்பு. கதவின் சிறு திரையில் எழுத்து ஓடியது: ஹெல்கா கார்பினென், 15.52க்கு வெளியேறினார்.

வெளியேறியவள் எப்படி வெளியேற முடியும்? கதவுக்கு அவ்வளவுதான் தெரியும். அவசரக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினாள். அது அசையவில்லை. கத்தினாள். தோளால் மோதினாள். நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தாள். நாற்காலியின் கால்தான் உடைந்தது. தோளில் ரத்தம் கசிந்தபோதுதான் தொலைபேசி ஞாபகம் வந்தது.

“வெய்க்கோ, நான்தான். உள்ள மாட்டிக்கிட்டேன். உன் கம்ப்யூட்டர்லேர்ந்து கதவைத் திற.”

“யாரு பேசறது?”

“ஹெல்காடா!”

“ஹெல்கா இப்பத்தானே கார்லேர்ந்து பேசினா. வேலை முடிஞ்சுது, குழந்தையைக் கூட்டிட்டு வரப் போறேன்னா. முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் குடுன்னு வேற சொன்னா.”

“அது நானில்ல! கேளு, அந்தப் பழைய எண் போகல. கேபிளைப் பிடுங்கியும் போகல. அது வெளிய போயிடுச்சு. என் கோட்டைப் போட்டுக்கிட்டுப் போயிடுச்சு. வெய்க்கோ, கெர்த்துகிட்ட போகுது!”

விசைப்பலகை தட்டும் ஒலி கேட்டது. “கூடத்துல யாரும் இல்லன்னு காட்டுது.”

“நான் இருக்கேன்ல!”

“இங்க பாருங்க.” பத்து வருடப் பழக்கத்தில் அவன் அவளிடம் இந்தக் குரலில் பேசியதே இல்லை. “நீங்க யாருன்னு எனக்குத் தெரியல. ஒரு குழந்தை பேரைச் சொல்லி விளையாடறது நல்லா இல்ல. வச்சிடுங்க.”

அவனே வைத்துவிட்டான். மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

காப்பகத்தைக் கூப்பிட்டாள். சைஜா எடுத்தாள். கெர்த்துவுக்குப் பிடித்த டீச்சர். பின்னால் குழந்தைகள் பாட்டுப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள்.

“சைஜா, கெர்த்துவை யார்கிட்டயும் அனுப்பாத. யார் வந்தாலும் சரி. நானே வந்தாலும் அனுப்பாத.”

“கெர்த்துவா? அவங்கம்மா இப்பத்தான் கூட்டிட்டுப் போனாங்க. இன்னிக்கு எல்லாருக்கும் முன்னாடி வந்துட்டாங்க! அந்தக் குட்டி குதிச்ச குதியைப் பாக்கணுமே.” சைஜாவின் குரலில் அவ்வளவு சந்தோஷம். “ஆமா, நீங்க யாரு?”

ஹெல்கா தொலைபேசியை வைத்தாள்.

கெர்த்துவின் கைக்கடிகாரத்தில் தொலைபேசிபோல் பேசலாம். கூடத்தின் தொலைபேசி எண்ணையும் அதில் ஹெல்காவே சேர்த்து வைத்திருந்தாள். இரண்டு முறை தவறாக அழுத்தினாள். அழைப்பு மணி போயிற்று. போயிற்று. எடுத்தாள்.

“ஹலோ, கெர்த்து பேசறேன்.”

“செல்லம். அம்மாடா.”

குழந்தை சிரித்தாள். “அம்மா வண்டி ஓட்டறா.”

“அது அம்மா இல்லடா. நான் சொல்றதைக் கேளு. வண்டி நின்னதும் இறங்கி ஓடணும். யாராவது தெரிஞ்சவங்க வீட்டுக்கு...”

“நீங்க ஏன் அழறீங்க?” பிறகு கொஞ்சம் தள்ளி: “அம்மா, ஒரு ஆன்ட்டி அழறாங்க.”

சரசரப்பு. கடிகாரம் குழந்தையின் கையிலிருந்து வேறு பக்கம் இழுக்கப்பட்டது. மூச்சு விடும் சத்தம். அந்த மூச்சை ஹெல்காவுக்குத் தெரியும். தன் மூச்சு.

“நீ கவலைப்படாத” என்றது அவளுடைய குரல். “சரியான நேரத்துக்குப் போயிட்டேன். சத்தியத்தைக் காப்பாத்திட்டேன்.”

“அவளை விட்டுடு. உனக்கு என்ன வேணுமோ எடுத்துக்கோ. அவளை மட்டும் விட்டுடு.”

“வண்டியை ஓரமா நிறுத்தியிருக்கேன். இவளை ஒரு தடவை தொட்டுப் பாக்கலாம்னு.” குரலில் கோபம் இல்லை. வெறும் ஆர்வம் மட்டும்தான் இருந்தது. “சூடா இருக்கா. கன்னம், கழுத்தெல்லாம். நீ இதையெல்லாம் எங்கயும் எழுதவே இல்லையே.”

ஹெல்காவின் தலைக்கு மேலே விளக்கு அணைந்தது.

கையை ஆட்டினாள். எரியவில்லை. குதித்தாள். சுவரை அறைந்தாள். எரியவில்லை. விசிறிகள் ஓடின. குளிர்காற்று தரையிலிருந்து வந்தது. அவள் நின்ற வரிசையில் ஆள் இல்லை என்று கூடம் முடிவு செய்துவிட்டது.

“கெர்த்து!” என்று கத்தினாள். “கெர்த்து, இறங்கி ஓடு! ஓடு!”

“நெஞ்சுக்குள்ள என்னமோ டக் டக்னு அடிக்குதே” என்றது குரல். “அது என்னது? உள்ள எங்க இருக்கு?”

“அம்மா.” கெர்த்துதான். முதலில் சிணுங்கல்தான். “உன் கை ஜில்லுனு இருக்கு. எடும்மா.”

வைப்பர் கண்ணாடியில் பனியைத் தள்ளும் சத்தம் கேட்டது.

“அம்மா, எடு. அம்மா, வலிக்குது.”

அதற்குப் பிறகு கெர்த்து பேசவில்லை. இருட்டில், தொலைபேசியை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு ஹெல்கா கேட்டபடி நின்றாள். வைப்பர் மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டே இருந்தது.