கேபிளின் மறுமுனை

கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே கைவைத்ததுமே அவளுக்கு என்னவோ போலிருந்தது. காலையிலேயே பிளக்கைப் பிடுங்கிவிட்ட பெட்டி. ஆனால் உள்ளே, சற்று முன்புவரை யாரோ படுத்திருந்த மெத்தையைப் போல இளஞ்சூடு.

மழைக்கால மாலை. ஜன்னலைச் சாத்தியும் ஈரத்தின் வாடை அறைக்குள் வந்துவிட்டிருந்தது. மாடி வீடு காலியாகிப் பல மாதங்கள் ஆகிவிட்டதால் மேலே நாற்காலி இழுபடும் சத்தம்கூட இல்லாமல், கூரை விளிம்பிலிருந்து சொட்டும் தண்ணீரும், பெட்டிக்குள்ளிருந்து எழும் பழைய தூசியின் நெடியும்தான் அவளுக்குத் துணை. வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து பிழைப்பவள். பழைய ஹார்ட் டிஸ்க் உயிரை விட்டுவிட்டது. புதிதாக வாங்கி வந்ததை மாட்டினால், கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது. நாளைக்கு வேலையை முடித்துக் கொடுக்காவிட்டால் இருக்கிற ஒரே வாடிக்கையாளரும் போய்விடுவார்.

மேசைமேல் போன். ஸ்பீக்கரில் தம்பியின் குரல். வேற்றூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவன்.

"டிஸ்க்குக்குப் பின்னாடி குட்டியா ஒரு ஜம்பர், பின்னுல மாட்டற பிளாஸ்டிக் மூடி இருக்குமே, அதை மாத்தினியாக்கா?"

"காலையிலயே மாத்திப் பாத்துட்டேன்டா. அப்பவும் 'டிஸ்க் இல்லை'ன்னுதான் காட்டுச்சு."

"அப்ப அந்தப் பட்டை கேபிள்தான் சரியா உக்காரல. நல்லா அழுத்து."

"கை எட்டலையே. கண்ணுக்கும் தெரியல."

"பக்கத்துல யாரையாவது டார்ச் அடிக்கச் சொல்லேன்."

"யாருடா இருக்கா?" என்று சிரித்தாள்.

மணிக்கட்டுவரை கையை நுழைத்தாள். தகட்டின் விளிம்பு தோலைக் கீறியது. கேபிளின் முனையை டிஸ்க்கின் பின்புறம் கொண்டுபோய், பின்கள் எங்கே என்று துழாவிக்கொண்டிருந்தபோது அது அவள் விரல்களிலிருந்து மெல்ல நழுவியது. இல்லை. வாங்கிக்கொள்ளப்பட்டது. கொடு, நான் மாட்டுகிறேன் என்பதுபோல.

க்ளிக்.

"ஆ, உக்காந்திருச்சு! எனக்கே கேட்டுச்சு," என்றான் தம்பி. "கைகாரிதான்க்கா நீ."

"நான் மாட்டலடா."

"என்னது?"

மழை வலுத்தது. கையை எடுத்துவிட வேண்டும். அதற்குள் ஏதோ தொட்டது. விரல்கள். ஒவ்வொன்றாக அவள் விரலிடுக்குகளில் புகுந்து கோத்துக்கொண்டன. வெதுவெதுப்பாக. லேசான ஈரத்தோடு.

அவள் கையைக் கடைசியாகப் பிடித்தது அம்மா, ஆஸ்பத்திரிக் கட்டிலில். அந்த ஒரு கணம், தன்னையறியாமல், அவளும் திருப்பிப் பிடித்தாள்.

பிடி இறுகியது.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

கையை வெளியே இழுத்தாள். அதுவும் இழுத்தது. பொறுமையாக. அவசரமே இல்லாமல். முழங்கைவரை உள்ளே போயிற்று. உள்ளே எதுவும் தட்டுப்படவில்லை. டிஸ்க் இல்லை. தகடு இல்லை. வெறும் வெதுவெதுப்பு.

ஒரு சாண் அகலம்கூட இல்லாத பெட்டி.

தோள்வரை போயிற்று. கன்னம் சில்லென்ற இரும்பில் அழுந்தியது.

"அக்கா... யாரோ மூச்சு விடற சத்தம் கேக்குதே. யாருக்கா அது?"

பெட்டியின் இருட்டிலிருந்து இன்னொரு கை வெளியே வந்தது. அவள் நெற்றியில் விழுந்திருந்த முடியைப் பரிவோடு காதோரம் ஒதுக்கிவிட்டது.