காகிதத்தில் இல்லாத சொந்தக்காரி

நவம்பர் 19, 2009. வியாழன். காலை 7.10.

இத்தாலியின் ஸ்பிலம்பெர்த்தோ ஊருக்கு வெளியே, பேரித் தோப்பை ஒட்டிய பட்டறையின் கதவு உடைந்து கிடந்தது. உள்தாழ்ப்பாள் ஒற்றை ஆணியில் தொங்கியது. மடக்குக் கட்டிலில், கழுத்துவரை போர்த்தியபடி, லேயார்கோ மொந்தோர்சி இறந்திருந்தார். வயது எழுபத்தொன்று. ஓடிவந்து படுத்தவர்போலக் கன்னங்கள் சிவந்திருந்தன.

காராபினியேரி காவல் நிலையத்தின் பொறுப்பதிகாரி மரேஷல்லோ தமாரா கெல்ஃபிக்கு அந்தச் சிவப்பு எதனுடையது என்று தெரியும். கார்பன் மோனாக்சைடு. நிறமில்லாத, மணமில்லாத வாயு. தூங்குகிறவரை எழுப்பாது.

கட்டிலுக்கு மூன்றடி தள்ளி அந்தக் கார் நின்றது. அல்ட்ரொவாந்தி 2600, 1963ஆம் வருடத்தது. மொத்தம் முப்பத்தேழு வண்டிகள்தான் செய்தார்கள். துருப்பிடித்த கூடாக வந்ததை லேயார்கோ பதினோரு வருடம் தட்டி, ஒட்டி, தேய்த்து மீட்டிருந்தார். பானட் திறந்திருந்தது. எஞ்சினிலிருந்து ஆறு எஃகுக் குழாய்கள் வளைந்து இறங்கின, கழுவித் துடைத்த கரண்டிகளைப்போல வெள்ளையாக.

"சாவி வண்டியிலதான் இருந்துச்சு," என்றான் மருமகன் எத்மோ. ஊருக்குள் வாகனப் பதிவுக் காகிதங்கள் எடுத்துத்தரும் அலுவலகம் வைத்திருப்பவன். "எஞ்சின் ஓடிட்டே இருந்துச்சு, தமாரா. கதவ உடைச்சு உள்ள போனதும் அதத்தான் முதல்ல நிறுத்தினேன். என் பொண்டாட்டி நீவெஸ உள்ளயே விடல."

"சன்னல் இடுக்குல எல்லாம் டேப் ஒட்டியிருக்கே?"

"அது பெயின்ட் அடிச்சதுலருந்தே இருக்கு. தூசி படிஞ்சா மாமனாருக்கு ஆகாது. குளிருக்கு அந்த விறகு அடுப்பு. கட்டையெல்லாம் எரிஞ்சு, கங்கு மட்டும் இருக்கும்போதுதான் படுப்பாரு. தீயில அவ்வளவு கவனம்."

அடுப்பு ஆறிக் கிடந்தது. அதன் குழாய் பின்சுவரைத் துளைத்து வெளியே போனது. தமாரா குனிந்து இறந்தவரின் போர்வையை முகர்ந்தாள். பழைய கம்பளி வாடை. வேறொன்றும் இல்லை.

மகள் நீவெஸ் வெளியே கல்மேல் உட்கார்ந்திருந்தாள். ஓட்டுத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். சீருடையெல்லாம் களிமண் தூள்.

"நீங்க எப்ப வந்தீங்க?"

"ஆறே காலுக்கு. அப்பாகிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன். தட்டினேன், திறக்கல. எத்மோவுக்குப் போன் பண்ணேன்."

"எஞ்சின் சத்தம் கேட்டுச்சா?"

"ஷிஃப்ட் முடிஞ்சா ஒரு மணி நேரம் எனக்கு எதுவும் கேக்காது, மரேஷல்லோ. எட்டு மணி நேரமும் பிரஸ் மிஷின் பக்கத்துலதான் நிக்கிறேன். ஓடிட்டிருந்துச்சுன்னு எத்மோதான் சொன்னாரு."

"எதுக்கு மன்னிப்பு?"

நீவெஸ் தன் கைகளைப் பார்த்தாள். "நேத்து ராத்திரி எட்டு மணிக்கு அப்பாவுக்குப் போன் பண்ணேன். ஏதோ பழைய காகிதத்துக்காக எத்மோவ ஜெயில்ல போடப் போறேன்னு அப்பா மிரட்டினதா எத்மோ சொன்னாரு. எனக்குக் கோபம் வந்துடுச்சு. 'அந்த வண்டிதானே உங்க பொண்ணு, அது பக்கத்துலயே படுத்துச் சாவுங்க'ன்னு சொன்னேன்." தலையை நிமிர்த்தினாள். "அதத்தான் செஞ்சிருக்காரு. அப்போ நான்தானே கொன்னேன்? அத மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் வேணாம்."

தமாரா பட்டறையைச் சுற்றி நடந்தாள்.

7.45. பின்சுவர். வெயில் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை. புல்மேல் உறைபனி வெள்ளையாக இருந்தது. சுவரோரம் மட்டும் மிதிபட்டிருந்தது. சன்னல் திறக்கிறதா என்று பார்க்கப் போனதாக எத்மோ ஏற்கெனவே சொல்லியிருந்தான். அடுப்புக் குழாயின் வாய் ஆள் உயரத்தில் இருந்தது. அதற்கு நேர் கீழே, பனிக்கு மேல், கரித்துகள் சிதறிக் கிடந்தது. அவள் படம் எடுத்துக்கொண்டாள்.

9.00. எஞ்சின்காரர் எர்மெஸ் வந்தார். லேயார்கோவின் நாற்பது வருட நண்பர். அந்த ஆறு குழாய்களை வளைத்ததும் அவர்தான். உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டு வாசலில் காறித் துப்பினார்.

"கஞ்சப்பய. கடைசில தனியா ஸ்டார்ட் பண்ணிட்டான்."

"தனியா பண்ணக் கூடாதா?"

"என்னம்மா கேக்குற? இந்த ஊர்லதானே பொறந்த? வண்டில கை வச்ச அத்தனை பேரும் நின்னாத்தான் முதல் ஸ்டார்ட். சீட் தச்சவன், பெயின்ட் அடிச்சவன், நான். வர்ற ஞாயித்துக்கிழமைன்னு சொல்லியிருந்தான். லம்ப்ரூஸ்கோ ஒயின் கூட வாங்கி வச்சிருக்கான், பாரு, அலமாரில. மத்தவங்கள விட்டுட்டுப் பண்றது பொண்ணே வராம கல்யாணம் பண்ற மாதிரி." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். "பதினோரு வருசம். நான் என்ன பாவம் பண்ணேன், என்னைக் கூப்பிடல?"

11.30. கருவிப் பெட்டியின் அடித்தட்டில் ஒரு நோட்டுப் புத்தகமும், அதனுள் ஒரு வட்டக் காகிதமும் இருந்தன. கார் கண்ணாடியில் ஒட்டும் சாலை வரிச் சீட்டு. 1974. பதிவு எண் CN என்று தொடங்கியது. கூனெயோ மாகாணம். ஓட்டுநர் பக்கக் கதவின் உள்குழியில் கிடைத்தது என்று லேயார்கோ குறித்திருந்தார்.

தமாரா காரின் பதிவுக் காகிதங்களை எடுத்தாள். நான்கு சொந்தக்காரர்கள். நால்வரும் இதே மோதெனா மாகாணம். தொடக்கத்திலிருந்து ஒரே எண் பலகை. அந்தக் காலத்தில் வண்டி மாகாணம் மாறினால் எண்ணும் மாறும், காகிதத்தில் பதிவாகும். இங்கே கூனெயோ என்ற சொல்லே இல்லை. காகிதங்களைத் தயாரித்துத் தந்தது எத்மோவின் அலுவலகம். வண்டியைக் கண்டுபிடித்து மாமனாரிடம் கொண்டுவந்ததும் அவன்தான்.

கூனெயோவுக்குப் போன் செய்தாள். முக்கால் மணி நேரத்தில் பதில் வந்தது. 1974 அக்டோபரில் தெல்ஃபினா ஐமார் என்ற விதவையின் வீட்டிலிருந்து திருடுபோன வண்டி. கணவர் விட்டுப்போன ஒரே சொத்து. ஒவ்வொரு வருடமும் நிலையத்துக்கு வந்து, கிடைத்ததா என்று விசாரித்திருக்கிறாள். 2003இல் இறந்தாள். வாரிசு இல்லை.

நோட்டின் கடைசி வரி: "ஞாயிறு ஒருமுறை ஓட்டிக் கேட்பது. திங்கள் தமாராவிடம் ஒப்படைப்பது."

தமாரா அந்த வரியை இரண்டு முறை படித்தாள்.

மாலை 4.00. எத்மோ, நீவெஸ், எர்மெஸ் மூவரையும் பட்டறைக்கு வரவழைத்தாள். வாசலில் இரண்டு காவலர்கள்.

"எர்மெஸ், இந்தக் குழாய் என்ன உலோகம்?"

"துருப்பிடிக்காத எஃகு."

"எஞ்சின் ஓடினா அது எப்படி மாறும்?"

"பத்து நிமிசத்துல பொன்னிறம் ஆகும். அப்புறம் நீலம். ஒரு தடவை ஏறின நிறம் தேச்சாத்தான்..." எர்மெஸ் நிறுத்தினார். எழுந்து போய்க் குழாய்களைத் தடவினார். ஒவ்வொன்றாக, ஆறையும். "இது ஓடவே இல்ல," என்றார். "ஓடவே இல்லம்மா. அவன் என்னை விட்டுட்டுப் பண்ணல."

"ராத்திரி முழுக்க ஓடியிருந்தா போர்வையில பெட்ரோல் புகை நாறணும். நாறல. விஷம் அடுப்புக் கங்குலருந்து வந்தது. வெளியே குழாய் வாயைத் துணியால அடைச்சா போதும். கங்குல புகை கிடையாது, அதனால தூங்குறவரு முழிக்க மாட்டாரு. ஆளு உள்ளயே வர வேண்டியதில்ல. தாழ்ப்பாள் போட்டது லேயார்கோவேதான்." தமாரா எத்மோவைப் பார்த்தாள். "துணியை எடுக்கும்போது கரி கொட்டியிருக்கு. அது பனிக்கு அடியில இல்ல, மேல இருக்கு. அதாவது விடியும்போது எடுத்திருக்காங்க."

"யாரோ எடுத்திருப்பான்," என்றான் எத்மோ. "நான் என்ன பண்ண முடியும்?"

"ஓடாத எஞ்சினை நிறுத்தினேன்னு சொன்னது நீங்க மட்டும்தான். கையில கிரீஸ் படாத ஆளு நீங்க. வண்டின்னா சாவி, காகிதம், அவ்வளவுதான் உங்களுக்கு. முதல் ஓட்டம் எஃகுல எழுதிவைக்கும்னு இங்க வேலை செய்யற எவனுக்கும் தெரியும்."

எத்மோ மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

"நேத்து நீ பக்கத்துலதான் நின்ன," என்றாள் நீவெஸ் மெதுவாக. "நம்பரைக் கூட நீதான் போட்டுக் குடுத்த. நான் கத்தக் கத்த சும்மா நின்ன. எனக்காக வருத்தப்படுறேன்னு நினைச்சேன்."

காவலர்கள் அவனை அழைத்துப் போனார்கள். எர்மெஸ் அவர்களுக்குப் பின்னால் வெளியேறினார். கார் நீதிமன்றக் கிடங்குக்குப் போகும். ஒப்படைக்க ஆள் இல்லாத பொருள்கள் எல்லாம் அங்கேதான் போகும்.

தமாரா நீவெஸின் எதிரில் உட்கார்ந்தாள்.

"காலையில ஒண்ணு கேட்டீங்க. நீங்க கொல்லல. அவரா சாகவும் இல்ல. ஞாயித்துக்கிழமைக்காகக் காத்துட்டிருந்தாரு."

நீவெஸ் காலிக் கட்டிலைப் பார்த்தாள்.

"எந்திரிக்கப் பாத்தாரா? கதவுகிட்ட வந்தாரா?"

"இல்ல. வலியே தெரிஞ்சிருக்காது. தூக்கத்துலயே போயிட்டாரு."

"ராத்திரி வேற யார்கிட்டயாவது பேசினாரா?"

தொலைபேசிப் பட்டியல் தமாராவின் பையில் இருந்தது. எட்டு மணிக்குப் பிறகு ஒரு அழைப்பும் இல்லை. அவள் பையைத் திறக்கவில்லை.

"அப்போ நான் சொன்னதக் கேட்டுட்டுத்தான் தூங்கியிருக்காரு," என்றாள் நீவெஸ்.

அதை மறுக்கத் தமாராவிடம் எந்தச் சான்றும் இல்லை.