ஒன்றும் வைக்காத ஃபிலிம்

எதையும் வைக்காமல் கழுவிய ஃபிலிமில் கறை விழுந்திருந்தது.

புகைப்படக்காரி முதலில் மருந்துத் தண்ணீரைத்தான் சந்தேகப்பட்டாள். அண்ணன் அணுமின் நிலையத்து விஞ்ஞானி. அதை ஒட்டிய ஏரிக்கரையிலிருந்து இலை, மீன்முள், நத்தை ஓடு என்று பொறுக்கிவந்து கொடுப்பான்; அவள் இருட்டறையில் ஃபிலிம்மேல் பரப்பி வைப்பாள். வெளிச்சமே படாமல், தமக்குள் இருக்கும் கதிர்வீச்சாலேயே அவை தம்மைக் கறுப்பாக வரைந்துகொள்ளும். இந்தப் படங்களின் கண்காட்சிச் செலவு முழுக்க நிலையத்துடையது. ஒவ்வொரு படத்தின் கீழும் ‘அஞ்சத்தக்க அளவல்ல’ என்று அண்ணன் கையெழுத்துப் போட்டிருந்தான்.

சிவப்பு விளக்கின் கீழே, புளித்த மருந்து வாடையும் குழாய் சொட்டும் சத்தமும் சூழ, அந்தக் கறையை அவள் கண்ணருகே கொண்டுபோனாள். ஏணிப்படி மாதிரி வளைந்த கோடுகள். விலா எலும்புகள்.

“அண்ணா.”

“சொல்லும்மா.” மூடிய கதவுக்கு வெளியே அவன் குரல்.

“வெறும் ஃபிலிம்ல எலும்பு விழுந்திருக்கு.”

“பழசா இருக்கும். தூக்கிப் போடு.”

“புதுசு. இங்க ஈரம்னு ஹால் சோபாவோட அடி டிராயர்ல வச்சிருந்தேன்.”

லீவு நாளெல்லாம் மகள் குட்டியோடு அவன் இங்கே வந்து மதியத்தில் அசந்து தூங்குவது அந்தச் சோபாவில்தான்.

“உன் உடம்புக்குள்ளயும் கதிர் இருக்குன்னு உனக்குத் தெரியும்,” என்றாள்.

“தெரிஞ்சு என்ன பண்ண? குடியிருக்கிற வீடு அவங்களுது. குடிக்கிற தண்ணியும் அவங்க ஏரித் தண்ணி. கண்காட்சி முடியட்டும், பேசிக்கலாம்.”

“கையெழுத்துப் போட்டியே, வாய் கூசலயா?”

“கைதானே போட்டுச்சு.”

தன் நகைச்சுவைக்குத் தானே சிரிக்கப் பார்த்து இருமினான். செருப்புச் சத்தம் தள்ளிப்போனது.

அதே டிராயரிலிருந்து எடுத்து வந்த இன்னொரு ஃபிலிமை மருந்தில் அமிழ்த்தினாள். தட்டை மெல்ல ஆட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தண்ணீருக்கடியில் சுருண்ட ஒரு முதுகெலும்பு. சின்னது. மடக்கிய முழங்கால். வாயருகே ஒரு கட்டைவிரல்.

அப்படிச் சூப்பிக்கொண்டு தூங்குவது குட்டி ஒருத்திதான்.

அவசரமாக அதை அடுத்த தட்டுக்கு மாற்றினாள். அந்த மருந்தில் விழுந்தால் படம் அதோடு நிற்க வேண்டும். நிற்கவில்லை. கறுத்தது. இன்னும் கறுத்தது. தாடைக்குள், இன்னும் முளைக்காத பற்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

வெள்ளை விளக்கைப் போட்டாள். அப்போதும் நிற்கவில்லை.

“அத்தை, உள்ள வரட்டா?”

குட்டி. கதவுக்கு வெளியே.

தாழ்ப்பாளில் வைத்த கையை அவளால் அசைக்க முடியவில்லை.

“அத்தை, பேச மாட்டியா?” குழந்தை கலகலவென்று சிரித்தாள்.

தட்டில், தண்ணீருக்கடியில், கறுத்த தாடை மெல்லத் திறந்தது.